பந்தலுக்கு வந்த மண்

இருங்காட்டுக்கோட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2009இல். ஐடிஐ முடித்துவிட்டு விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவன். கார்க் கதவுகளுக்குப் பூட்டு செய்து கொடுக்கும் கம்பெனி அது. எனக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்‌ஷன். லைனிலிருந்து வரும் பூட்டுகளை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், பிசிறு, முலாம் ஏறாத இடம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஷிப்ட் முழுக்கக் குறை தேடுவதுதான் வேலை. வெளியே வந்த பிறகும் கண் சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருப்பதைப் பார்க்கும். மெஸ்ஸில் தட்டின் விளிம்பு நசுங்கியிருப்பதைப் பார்க்கும்.

மண்ணூரில் வாடகைக்கு ஒரு அறை எடுத்திருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாகக் கட்டிய அறைகள். எல்லாவற்றிலும் என்னைப் போன்ற தெற்கத்திப் பையன்கள். என்னோடு தங்கியிருந்தவன் திருநெல்வேலிக்காரன். அசெம்பிளி லைனில் எனக்கு நேர் முன்னால் வேலை பார்த்தவன். அவன் மாட்டி அனுப்புவதை நான் பார்த்துக் கழிப்பேன். முதல் வாரம் அதற்காகவே என்னைத் திட்டினான். இரண்டாவது வாரம் பக்கெட்டும் பாயும் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டான். குழம்பு அவன் வைப்பான், சோறு நான் வடிப்பேன். மூன்றரை வருடம் அப்படிப் போனது. அதற்கு முன்போ பின்போ இன்னொரு மனிதனோடு நான் அவ்வளவு பேசியதில்லை.

2011இல் தொடுதிரை போன் ஒன்று வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ தேடப் போய் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அமெரிக்காவில் அலாஸ்கா பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரர், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பச்சை நிறத் தட்டு ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தட்டில் மண். அவர் சுழற்றச் சுழற்ற மண் கரைந்து வெளியே போனது. கூழாங்கல் போனது, வெள்ளை மணல் போனது, கடைசியில் ஒரு கைப்பிடிக் கருமணல் மட்டும் மிஞ்சியது. அதையும் தட்டின் ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினார். அதன் வாலில் மஞ்சளாக ஒரு கோடு நின்றது. தங்கம்.

அவருக்கு அங்கே ஒரு சுரங்கம் இருந்தது. அந்த மண்ணைக் கழுவாமல் பையில் போட்டு இன்டர்நெட்டில் விற்றார். பே டர்ட் என்று அதற்குப் பெயர். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதை வாங்கி வீட்டிலேயே கழுவித் தங்கம் எடுத்தார்கள். லாபம் வராது, கொடுத்த விலைக்குக் குறைவாகத்தான் தங்கம் இருக்கும், விளையாட்டுக்கு வாங்குகிறவர்கள் மட்டும் வாங்குங்கள் என்று அவரே எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. அதை இன்றைக்கும் யாருக்கும் புரிய வைக்க முடியாது. அன்றும் முடியவில்லை. நாளெல்லாம் கெட்டதைத் தேடுகிறவனுக்கு, தேடினால் நல்லதாக ஒன்று கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சம்பளக் கணக்கின் கார்டை வைத்து ஆர்டர் போட்டேன். மூன்று முறை கார்டு நிராகரிக்கப்பட்டு நான்காவது முறை போனது. பிறகு காத்திருப்பு. அந்தக் காத்திருப்பிலும் ஒரு சுகம் இருந்தது. எங்கள் அறையில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேறு எதுவும் இல்லை. பார்சல் சென்னையில் கஸ்டம்ஸில் நின்றுவிட்டு, அவர்கள் பிரித்துப் பார்த்துக் கோணல் மாணலாக டேப் ஒட்டிய நிலையில் வந்து சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த பச்சைச் சீட்டில் 'பொழுதுபோக்குக்கான மணல்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்கார அம்மா பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கெட்டோடும் அலுமினியத் தாம்பாளத்தோடும் போய் நின்றதைப் பார்த்தார்.

"இன்னா தம்பி அது?"

"மண்ணும்மா. அமெரிக்காவுல இருந்து வாங்கியிருக்கேன்."

அவர் தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தார். "எங்க மண்ணையெல்லாம் கம்பெனிக்காரனுக்கு வித்துட்டு ரூமு கட்டி வாடகைக்கு வுட்டுகினு கீறோம். நீ இன்னாடான்னா துட்டு குடுத்து மண்ணு வாங்கியாந்துகீற. பெத்தவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

முதல் முறை நான் மோசமாகக் கழுவினேன். வீடியோவில் பார்த்த தட்டில் தங்கத்தைத் தடுத்து நிறுத்தும் வரிப்பள்ளம் இருந்தது, தாம்பாளத்தில் இல்லை, அதனால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கீழே ஒரு பேசினை வைத்து, போனதைத் திரும்பவும் எடுத்துக் கழுவினேன். ரூம்மேட் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினான். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து எடுத்து, பாலிதீன் உறையில் போட்டுக் கருமணலின் மேல் ஓட்டச் சொன்னதும் அவன்தான். மணல் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அது போன பிறகு தாம்பாளத்தைச் சாய்த்தேன். தண்ணீரோடு எல்லாம் நகர்ந்தது. ஒன்று மட்டும் நகரவில்லை. மிளகாய் விதையில் கால்வாசி இருக்கும். தட்டையாக, மங்கலாக, நகைக்கடையில் பார்க்கும் பளபளப்பு எதுவும் இல்லாமல் கிடந்தது.

"ஏல, இதுதானா?" என்றான்.

"இதுதான் மாப்ள."

வெகுநேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அம்மாவும் வந்து பார்த்தார். "கண்ணுக்கே தெரியல. இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை வாங்கினேன். பச்சைத் தட்டு ஒன்றும் வாங்கினேன். கிடைத்த துகள்களைச் சொட்டு மருந்து விடும் ட்யூபால் உறிஞ்சி, காலியான ஒரு கண் மருந்து பாட்டிலில் சேர்த்தேன். அந்த பாட்டில் என் ஷேவிங் பெட்டிக்குள், பிளேடு உறைகளுக்கு அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கும் ரூம்மேட்டுக்கும் மட்டும்தான் தெரியும். அறைகளில் திருட்டுப் பயம் இருந்ததால் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சில ஞாயிறுகளில் அவன் அதை எடுத்து வெயிலில் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். தண்ணீருக்குள் துகள்கள் எழும்பிச் சட்டென்று கீழே உட்காரும். "என்ன கனம் பாத்தியா" என்பான், ஏதோ அவனே செய்து போட்டது போல.

2012இல் கம்பெனியில் யூனியன் தொடங்கினார்கள். மூன்று வருடம் கழிந்தும் எங்களில் பலர் டிரெய்னி என்ற பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தோம். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் செயலாளர் ஆனார். மண்ணூர்க்காரர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெதுவாகப் பேசுவார். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். நானும் ரூம்மேட்டும் ஒரே நாளில் உறுப்பினர் ஆனோம். நிர்வாகம் யூனியனை ஏற்கவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தோம். மறுநாள் எங்களை வெளியேற்றிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கோர்ட் உத்தரவுப்படி, கேட்டிலிருந்து தள்ளி, ரோட்டோரத்தில் தார்ப்பாய் கட்டிப் பந்தல் போட்டோம். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் தார்ப்பாய் படபடவென்று அடிக்கும். புழுதி சாம்பார் வாளியில் விழும். அந்தப் பந்தலில் ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பந்தலுக்குத்தான் மண் வந்தது.

வேலைநிறுத்தத்துக்கு முன்பே நான் போட்டிருந்த ஆர்டர். வழக்கமாக வாங்குவதைவிட நல்ல மண், பெரிய பை. நான் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் முற்பகலில் போஸ்ட்மேன் சைக்கிளைப் பந்தலுக்கு முன் நிறுத்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ரூம்ல பூட்டு தொங்குது. வூட்டுக்கார அம்மா நீ இங்கதான் கீறேன்னு சொன்னாங்க. இந்தா, கையெழுத்து போடு."

பெட்டி பெரிதாக இருந்தது. வெளிநாட்டு ஸ்டாம்புகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர், கோபக்காரர், எழுந்து வந்து பெட்டியைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னாபா, ஃபாரின்லேர்ந்தெல்லாம் பார்சல் வருது?"

"மண்ணுண்ணே."

"இன்னாது?"

"தங்கம் எடுக்குற மண்ணு. கழுவுனா கொஞ்சூண்டு தங்கம் வரும். பொழுதுபோக்குக்கு வாங்குறேன்."

பந்தல் சிரித்தது. "சோத்துக்கே இங்க சிங்கி அடிக்கிறோம், தொர அமெரிக்காவுல மண்ணு வாங்குறாரு" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். ரூம்மேட்டும் சிரித்தான். பெட்டியை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன். கழுவுகிற மனநிலை அப்போது இல்லை.

கம்பெனிக்குள் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்து லைனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரும் பஸ் மண்ணூர்ப் பக்கமாகச் சுற்றிப் பின்கேட் வழியாகப் போவதைச் செயலாளர் கண்டுபிடித்தார். ஒரு நாள் காலை அந்த கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவானது. அதைப் பேசியது பத்துப் பன்னிரண்டு பேர்தான், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில். நானும் ரூம்மேட்டும் அதில் இருந்தோம். குறித்த காலையில் நாங்கள் போனபோது எங்களுக்கு முன்பே போலீஸ் வேன்கள் நின்றன. உட்காரக்கூட விடவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்கள். செயலாளர் மேலும் வேறு இருவர் மேலும் மட்டும் வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். அவர் ஜாமீனில் வந்தபோது தாடி நரைத்திருந்தது.

வேப்பமரத்தடியில் பேசியதை யார் சொன்னது என்ற கேள்வி பந்தலுக்குள் வந்தது. இரண்டு நாள் அது எல்லோர் மேலும் சுற்றியது. மூன்றாவது நாள் என் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். டீ கேன் என்னைத் தாண்டிப் போகும். கடைசியில் பிரஸ் ஷாப்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அந்த ஃபாரின் பொட்டியில இன்னா வந்துச்சுன்னு இவன் இன்னும் சொல்லல."

"மண்ணுன்னு அன்னிக்கே சொன்னேனேண்ணே."

"மண்ணை எவனாச்சும் துட்டு குடுத்து வாங்குவானா? கம்பெனி ஓனரு எந்த ஊருக்காரன்? ஃபாரின். பொட்டி எங்கேர்ந்து வந்துச்சு? ஃபாரின்."

எங்கள் கம்பெனி முதலாளிகள் ஐரோப்பாக்காரர்கள், மண் வந்தது அமெரிக்காவிலிருந்து என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க என் குரலே எனக்குத் திருட்டுக்குரலாகக் கேட்டது. செயலாளர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "தம்பி, நீ ஒண்ணும் தப்பா நெனைக்காத. அந்தப் பொட்டிய எடுத்தாந்து இங்க பிரிச்சிக் காட்டிடு. முடிஞ்சு போயிடும்" என்றார்.

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஓடிப் போய்ப் பெட்டியையும் பச்சைத் தட்டையும் பேசினையும் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெட்டியைச் செயலாளரே கிழித்தார். உள்ளே துணிப்பை, துணிப்பைக்குள் மண். கையை விட்டுத் துழாவினார், பேசினில் கவிழ்த்துக் கொட்டினார். வேறு ஒன்றும் இல்லை. நான் அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். ஆனால் முழுதாக நம்ப வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் கேனை இழுத்து வைத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் கழுவியதே இல்லை. கல் போனது, மணல் போனது, கருமணல் ஓரம் ஒதுங்கியது. கடைசிச் சுற்றில் தட்டைச் சாய்த்தபோது மஞ்சள் நின்றது. கோடாகவே நின்றது. அந்த வெள்ளைக்காரர் வீடியோவில் பார்த்தது போல. அதில் ஒன்று பச்சரிசிக் குருணை அளவுக்கு உருண்டையாக இருந்தது. என்னை மீறிச் சந்தோஷம் வந்துவிட்டது. "பாருங்கண்ணே" என்று தட்டை நீட்டினேன்.

தார்ப்பாய் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிரஸ் ஷாப்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ தங்கம்தான் அனுப்பிச்சுகீறான்."

என் கையில் தட்டு அப்படியே இருந்தது. யாரோ, "மண்ணுல போட்டு அனுப்புனா கஸ்டம்ஸ்ல புடிக்க மாட்டான்" என்றார். அது நல்ல யோசனைதான், எனக்கே நம்பலாம் போலிருந்தது. நான் ரூம்மேட்டைப் பார்த்தேன். செயலாளரும் அவனைத்தான் பார்த்தார்.

"நீதானப்பா கூடத் தங்கிகினு கீற. நீ சொல்லு. இது வழக்கமா வாங்குறதா?"

அவன் கீழே பார்த்துக்கொண்டு செருப்பால் மண்ணைக் கிளறினான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அவன் என்னமோ தனியா வாங்குவான், தனியா கழுவுவான். நான் கேட்டதில்ல."

தண்ணீர் ஊற்றியவன். காந்தம் பெயர்த்துக் கொடுத்தவன். பயந்துவிட்டான், அவனுக்கும் இந்தப் பெயர் வந்துவிடும் என்று பார்க்கிறான் என நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவனுக்காக நான் வைத்துக்கொண்ட சமாதானம் அது. என்னைப் பந்தலுக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள். சில நாள் போய்த் தனியாக உட்கார்ந்தேன். பிறகு போகவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு கம்பெனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. நல்லபடி நடந்துகொள்வேன், யூனியனில் இருக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வேலை. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். டிரெய்னிங் ரூமில் எச்.ஆர். மேனேஜர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பார்சல் வருதாமே?"

"அது மண்ணு சார். தங்கம் கழுவுறதுக்கு. ஹாபி."

"தெரியும். தங்கத்தக் கண் மருந்து பாட்டில்ல போட்டு ஷேவிங் பாக்ஸ்ல வச்சிருக்கீங்க. அதெல்லாம் எங்களுக்கு வந்தாச்சு. எனக்கு வேண்டியது வேற. யூனியனுக்கு ஃபாரின்ல இருந்து யார் ஹெல்ப் பண்றாங்க? அத நீங்க சொன்னா உங்க விஷயத்த ஈசியா முடிச்சிரலாம்."

கண் மருந்து பாட்டில் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது என் காதில் சரியாக விழவில்லை. பந்தலில்கூட நான் அதைச் சொல்லவில்லை. ஷேவிங் பெட்டியைத் திறந்து பிளேடு உறைகளை விலக்கிப் பார்த்தவன் உலகத்தில் இன்னும் ஒருவன்தான் இருந்தான். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். தாளில் கையெழுத்துப் போட்டேனா இல்லையா என்று கேட்பவர்களுக்கு: போடவில்லை. வீரத்தால் அல்ல. அவர் தாளை நீட்டவே இல்லை.

நடந்தே மண்ணூர் வந்தேன். உச்சிவெயில். ரூம்மேட் அறையில் ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண் மருந்து பாட்டில் வரைக்கும் சொல்லியிருக்கியேடா."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. புளியைப் பிழிந்து சக்கையைத் தனியாக எடுத்து வைத்தான். "கேட்டானுவ, சொன்னேன்."

"வேப்பமரத்தடியில பேசுனதையும் கேட்டாங்களா?"

"பெர்மனன்ட் ஆர்டர் தாரோம்னாவ. உனக்கென்னல, உங்க வீட்ல நெலம் இருக்கு, எங்கயும் போய்ப் பொழச்சிக்கிடுவ. எனக்கு இத விட்டா என்ன இருக்கு?"

"சரிடா. என்னைய எதுக்கு இழுத்த?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கோபமோ வெட்கமோ அவன் முகத்தில் இல்லை. ஒரு கணக்கைப் புரிய வைப்பவன் போலப் பேசினான். "உன்னயத்தான் ஏற்கெனவே எல்லாரும் சந்தேகப்பட்டாச்சுல்லா? இன்னும் கொஞ்சம் பட்டா உனக்கு என்ன கூடிறப் போவுது?"

சொல்லிவிட்டுப் புளித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றினான். அவனை அடிக்க வேண்டும் என்று கை எழவில்லை. பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் அடித்திருக்கிறேன். அன்று எழவில்லை.

நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எச்.ஆர். சொன்னது, பாட்டில், ரூம்மேட் ஒப்புக்கொண்டது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போனார். நான் முடித்ததும் செயலாளர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ எச்.ஆர். ரூமுக்குப் போயிட்டு வந்து அவன் மேல போடுற. நாளைக்கு அவன் போயிட்டு வந்து உன் மேல போடுவான். நான் யார நம்புறது? இப்ப போ தம்பி. அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை. கோடை முடிவதற்குள் பந்தல் கரைந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் உள்ளே போனார்கள். ரூம்மேட் முதல் தொகுதியில் போனான். பெர்மனன்ட் ஆனான், வருடம் திரும்புவதற்குள் டீம் லீடரும் ஆனான். கையெழுத்துப் போடாதவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்களுக்காக யூனியன் லேபர் கோர்ட்டுக்குப் போனது. அதில் என் பெயர் இல்லை. கேட்டபோது, உன்னை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை என்று பிரஸ் ஷாப்காரர் சொன்னார். இந்த முறை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அறையில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா ஒருத்தர் காலி பண்ணிடுங்க. அந்தத் தம்பிக்கு வேலை கீது. நீ வேற எடம் பாத்துக்கோயேன்" என்றார். நல்ல மனுஷிதான். போகும்போது ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

மணிமங்கலத்தில் முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஒரு வீட்டில் சேர்ந்தேன். ஒரகடத்தில் கான்ட்ராக்டரிடம் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் சட்டை. கண் மருந்து பாட்டிலைக் கூடவே கொண்டு போய் அலமாரியில் வைத்திருந்தேன், திறக்கவில்லை. பந்தலில் கழுவிய மண்ணிலிருந்து எடுத்ததும் அதில்தான் இருந்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அலமாரி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. கூடத் தங்கியிருந்த பையன், பொங்கலுக்காக எல்லாவற்றையும் ஒழித்து வைத்ததாகப் பெருமையாகச் சொன்னான். "உங்க கண் மருந்து எக்ஸ்பயரி ஆயி ரெண்டு வருஷம் ஆகுதுண்ணே, தூக்கிப் போட்டுட்டேன். அதப் போட்டுக் கண்ணக் கெடுத்துக்காதீங்க" என்றான். குப்பை வண்டி காலையிலேயே போயிருந்தது. சரி என்றேன். அவனிடம் என்ன சொல்வது? அதில் தங்கம் இருந்தது என்று சொன்னால் அங்கேயும் ஒரு கதை ஆரம்பிக்கும்.

அலாஸ்காக்காரரிடமிருந்து மின்னஞ்சல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பனி உருகிவிட்டது, புதிய மண் எடுத்திருக்கிறோம், பழைய வாடிக்கையாளர்களுக்குச் சலுகை. ஒவ்வொன்றையும் படிப்பேன். ஒன்றுக்கும் ஆர்டர் போடவில்லை. வேண்டாம் என்று சபதம் எல்லாம் எடுக்கவில்லை. தட்டைக் கையில் எடுத்து உட்காருவதாக நினைத்தாலே சுற்றி நின்ற முகங்கள் வந்துவிடும். விளையாட்டு அத்தோடு போய்விட்டது.

2015இல், ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிபன் வண்டி வந்தது. முதல் நாள் தட்டை வாங்கிய பிறகுதான் பரிமாறுகிறவரைப் பார்த்தேன். செயலாளர். தாடியை எடுத்திருந்தார். லேபர் கோர்ட் வழக்கு இன்னும் நடக்கிறது என்றார். உடம்பு எப்படி இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். சட்னியைத் தாராளமாக ஊற்றினார். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நானே தொடங்கினேன்.

"அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல சொன்னேனேண்ணே. அது அவன்தாண்ணே."

அவர் இட்லிப் பானை மூடியைத் திறந்து ஆவி போவதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரியும்பா. நீ ரூமு காலி பண்ண கொஞ்ச நாள்லயே தெரிஞ்சு போச்சு. கையெழுத்து போட்டு கம்பெனிக்குள்ள போனவங்களே வந்து சொன்னாங்க."

"அப்புறம் ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? எல்லாரும் செதறிட்டாங்க. ஒருத்தன் ஓசூர்ல கீறான், ஒருத்தன் ஊருக்கே போயிட்டான். உன்ன எங்கன்னு தேடுறது?" பானையை மூடிவிட்டு, "கேஸ் வேற நடந்துகினு இருந்துச்சு. நம்மாளுங்கள்லயே ஒருத்தன்னு வெளிய வந்தா கேஸுக்கு நல்லதில்லன்னு வக்கீல் சொன்னாரு" என்றார்.

மணிமங்கலம் அங்கிருந்து தொலைவில்லை. என் போன் நம்பர் மாறவில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்று கேட்டார்.

போதும் என்றேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன், ஏனென்றால் பசித்தது. பஸ் வந்து ஹாரன் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் அடுத்த ஆளின் தட்டில் இலை வைத்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் போய்ப் பஸ் ஏறத் தொடங்கினேன்.